குழந்தையின் பிறந்த நாளும் பெற்றோரின் பொறுப்பும்

குழந்தைச் செல்வத்தை அருளும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். சிறுவர்களிடம் கருணை காட்டுவதில் உலகுக்கே வழிகாட்டிய நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் அவனுடைய சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள பகுதி ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிய விவசாயக் கிராமங்களாக இருந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுடன் பல மாவட்டங்களின் முஸ்லிம் குடும்பங்களும் இங்கே வாடகை வீடுகளில் வந்து குடியேறின. திருநெல்வேலிப் பக்கத்து மாப்பிள்ளையும் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். மத்ஹபும் வேறு, வீட்டில் பேசும் மொழியும் வேறு, ஊர் வழக்கமும் வேறு. ஒரு குழந்தை பிறந்தால் இந்த வேற்றுமைகள் எல்லாம் ஒரே நாளில் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுகின்றன.

சில காலத்துக்கு முன் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என் அருகில் வந்து அமர்ந்தார். இரவு ஷிப்டுக்குப் புறப்படும் உடையில் இருந்தார்.

“ஹஜ்ரத், வர்ற வாரம் பிள்ளைக்கு ஒரு வயசு முடியுது. என் மாமியார் ‘சால்கிரா’ செஞ்சே ஆகணும்னு சொல்றாங்க. சவூதியில இருக்கற என் தம்பி, ‘கேக் வெட்டினா இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்’னு போன்ல சொல்லிட்டான். எங்க உம்மா அவன் பக்கம். இப்ப ரெண்டு வீட்டுக்கும் பேச்சே இல்ல. நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார்.

செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்டேன். மண்டபம், அலங்காரம், சாப்பாடு ஆகியவற்றுக்காகக் கைப்பேசி மூலம் கிடைக்கும் வட்டிக் கடன் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். “பிள்ளைக்கு அகீகா கொடுத்தாகிவிட்டதா?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். குழந்தை பிறந்த மாதத்தில்தான் அவருடைய ஒப்பந்த வேலை முடிந்திருந்தது. பிறகு வேலை கிடைத்தும் அகீகா அப்படியே மறந்துபோய்விட்டது.

இந்த ஒரு வீட்டின் கேள்வி இன்று பல வீடுகளின் கேள்வி. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பிறப்பின் மகிழ்ச்சி மார்க்கத்தில் உண்டு

குழந்தை பிறந்ததற்காக மகிழ்வது நம் மார்க்கத்துக்குப் புறம்பானதன்று. முதுமையில் இஸ்மாயீல், இஸ்ஹாக் (அலை) ஆகிய இரு மக்களை அருளியதற்காக நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்ததைத் திருக்குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. இம்ரானின் மனைவியார் மர்யம் (அலை) அவர்களைப் பெற்றதும், அக்குழந்தைக்காகவும் அதன் சந்ததிக்காகவும் ஷைத்தானைவிட்டுப் பாதுகாப்புத் தேடி துஆச் செய்ததும் அதே திருமறையில் உள்ளது. நபி யஹ்யா (அலை) அவர்கள் பிறந்த நாளின் மீது ஸலாம் கூறப்பட்டிருப்பதையும் ஓதுகிறோம்.

இந்த மகிழ்ச்சிக்கு ஓர் உருவத்தையும் ஷரீஅத் கொடுத்திருக்கிறது. ஏழாம் நாளில் அகீகா கொடுப்பது, பெயர் சூட்டுவது, தலைமுடி இறக்குவது, அந்த முடியின் எடைக்கு வெள்ளியை ஸதகாச் செய்வது ஆகியவையே அவை. அன்னை பாத்திமா (ரலி) அவர்கள் தம் மக்களுக்கு இவ்வாறு முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடுகள், பெண் குழந்தைக்கு ஓர் ஆடு என்று ஹதீதில் வந்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் அகீகா வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்து. ஹனபி மத்ஹபில் முஸ்தஹப்பு. வசதியில்லாதவர் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் ஏழையின் வயிறு நிறைகிறது, உறவினர் ஒன்றுகூடுகிறார்கள், துஆக் கிடைக்கிறது. இப்படி ஒரு விருந்தை மார்க்கமே தந்திருக்க, அதனை விட்டுவிட்டு வேறொன்றுக்குக் கடன் தேடுவது எவ்வளவு பெரிய மறதி!

ஆண்டு விழா எங்கிருந்து வந்தது?

ஆண்டுதோறும் பிறந்த நாள் கொண்டாடுவது மிகப் பழைய உலக வழக்கம். பாரசீகர்கள் மற்ற நாட்களைவிடத் தம் பிறந்த நாளையே பெரிதும் சிறப்பித்ததாக, கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இதனைக் கிறிஸ்தவ மதச் சடங்கு என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இதனை வெறுத்தவர். கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலிருந்து பரவியது.

முஸ்லிம் அரசர்களிடமும் இவ்வழக்கம் இருந்தது. அக்பரும் ஜஹாங்கீரும் பிறந்த நாளில் பொன், வெள்ளி முதலியவற்றுக்கு எதிராகத் தராசில் நிறுக்கப்பட்டார்கள். அப்பொருள்கள் பிறகு தானம் செய்யப்பட்டன. சூரியக் கணக்கில் ஒரு முறை, சந்திரக் கணக்கில் ஒரு முறை என ஆண்டுக்கு இருமுறை இது நடந்தது. பின்னர் வந்த ஔரங்கசீப் தம்மை இவ்வாறு நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

நம் சகோதரரின் மாமியார் சொன்ன ‘சால்கிரா’ என்னும் பாரசீகச் சொல்லில் ‘சால்’ என்றால் ஆண்டு, ‘கிரா’ என்றால் முடிச்சு. ஆண்டுக்கு ஒரு முடிச்சு வீதம் ஒரு நூலில் போட்டு வயதைக் கணக்கு வைத்த பழக்கம் அது. 1832-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘கானூனே இஸ்லாம்’ என்ற நூலும் தென்னிந்திய முஸ்லிம்களின் வழக்கங்களைச் சொல்லும்போது இதனை வர்ணிக்கிறது. காகிதமும் பதிவேடும் இல்லாத வீட்டில் அந்த நூல்தான் பிறப்புச் சான்றிதழ்! ஆகவே அந்த மூதாட்டி கேட்டது ஏதோ நேற்று வந்த மோகம் அன்று. அவருடைய தாயும் பாட்டியும் செய்ததைத்தான் அவர் கேட்டார். ஆனால் பழையது என்பதற்காக ஒரு வழக்கம் ஸுன்னத்து ஆகிவிடாது. புதியது என்பதற்காக ஹராமாகியும் விடாது.

உலமாக்களின் இரு கருத்துகள்

கூடாது என்போர் மூன்று ஆதாரங்களைக் காட்டுகிறார்கள். முதலாவது, நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அம்மக்கள் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாக வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பதிலாக அவற்றைவிட மேலான இரு பெருநாட்களை அல்லாஹ் தந்திருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இரண்டாவது, பிற சமூகத்தாருக்கு ஒப்பாக நடப்பவரைப் பற்றிய எச்சரிக்கை. மூன்றாவது, நாயகம் (ஸல்) அவர்களோ ஸஹாபாப் பெருமக்களோ தம் மக்களுக்கு ஆண்டு விழா எடுத்ததாகச் செய்தி இல்லை. சவூதி அரேபியாவின் ஷைகு இப்னு பாஸ் (வபாத் 1999), தேவ்பந்த் தாருல் உலூம் முஃப்திகள் முதலியோர் இக்கருத்தினர்.

ஆகும் என்போர், இது வணக்கமன்று, உலக வழக்கம். உலக வழக்கங்களில் தடை வராதவை முபாஹ் என்பது சட்ட விதி என்கிறார்கள். அல்லாஹ்வின் ஓர் அருட்கொடை கிடைத்த நாள் திரும்பி வரும்போது நன்றி செலுத்தலாம் என்பதற்கு ஆஷூரா நோன்பின் ஹதீதை ஹாபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் மீலாது விஷயத்தில் ஆதாரமாகக் காட்டியுள்ளதையும் இவர்கள் துணைக்கு அழைக்கிறார்கள். எகிப்து நாட்டின் தாருல் இஃப்தா, ஹராமான காரியங்கள் கலக்காவிட்டால் பிறந்த நாளில் மகிழ்வதற்குத் தடையில்லை என்றே பத்வாக் கொடுத்திருக்கிறது.

திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, தாம் பிறந்த நாள் அது என்று நாயகம் (ஸல்) அவர்கள் காரணம் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பிறந்த கிழமையை அன்னார் நினைவுகூர்ந்தார்கள் என்பது இதனால் தெரிகிறது. ஆனால் எவ்வாறு? உண்டு களித்தன்று, நோன்பு நோற்று! ஆண்டுக்கொரு முறையன்று, வாரந்தோறும்! இரு சாராரும் சிந்திக்க வேண்டிய ஹதீது இது.

என் அறிவுக்கு எட்டியவரை, பிறந்த நாளை மார்க்க விழாவாக எண்ணிச் செய்தால் அது பித்அத் என்பதில் ஐயமில்லை. அழைப்பிதழும் மேடையும் மண்டபமுமாக ஆண்டுதோறும் நடத்தும் பழக்கத்தை விட்டுவிடுவதே பேணுதல். ஆனால் வீட்டளவில் அன்று குழந்தையை அணைத்து முத்தமிட்டு, துஆச் செய்து, ஓர் இனிப்பைப் பகிர்ந்துண்பவரைப் பாவி என்று ஏசுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

சர்ச்சைக்கே இடமில்லாதவை

பிறந்த நாள் கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. ஆனால் பின்வருவனவற்றில் கருத்து வேற்றுமையே இல்லை.

வட்டிக்குக் கடன் வாங்குவது ஹராம். அது கேக்குக்கானாலும் சரி, கந்தூரிக்கானாலும் சரி.

விருந்தின் ஆரவாரத்தில் மஃரிபும் இஷாவும் களாவாவது பெரும் பாவம்.

வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் கண்டிக்கிறது. ஒரு மாலைப்பொழுதுக்காக ஒட்டி, மறுநாள் குப்பைக்குப் போகும் அலங்காரம் எதில் சேரும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

செல்வந்தரை மட்டும் அழைத்து ஏழையை விட்டுவிடும் விருந்தே மிகக் கெட்ட விருந்து என்று ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது.

ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றப் பிள்ளையை ஏங்க வைப்பது அநீதி. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் மக்களில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்தபோது, அதற்குச் சாட்சியாக இருக்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

இவற்றோடு உறவைத் துண்டிப்பதும் சேரும். உறவை முறிப்பவன் சுவனம் புகமாட்டான் என்ற கடும் எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. அந்தச் சகோதரரிடம் நான் முக்கியமாகச் சொன்னது இதைத்தான். கருத்து வேற்றுமையுள்ள ஒரு கேக்குக்காக, கருத்து வேற்றுமையே இல்லாத ஒரு ஹராமில் இரு குடும்பங்களும் விழலாமா? தம்பி கேக்கைச் சாப்பிடாமல் இருக்கலாம். அது அவருடைய பேணுதல். அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்பது பேணுதலன்று. அவ்வாறே, சால்கிரா இல்லையென்றால் பேசமாட்டேன் என்று மாமியார் இருப்பதும் முறையன்று.

ஷரீஅத் எண்ணும் வயதுகள்

பிறந்த நாளே வேண்டாம் என்று சொல்லும் சிலர், குழந்தையின் வயதையே கணக்கு வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இது பெரும் பிழை. ஷரீஅத்தின் பல சட்டங்கள் வயதைக் கொண்டே அமைந்துள்ளன.

தாய்ப்பால் ஊட்டுவதை நிறைவாக்க விரும்புவோருக்கு முழுமையான இரண்டு ஆண்டுகள் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழும்படி ஏவவும், பத்து வயதில் கண்டிப்புக் காட்டவும், அப்போதே படுக்கைகளைப் பிரித்துவிடவும் அபூதாவூதின் ஹதீது கட்டளையிடுகிறது. பருவமடைந்த அடையாளங்கள் எதுவும் தோன்றாதவருக்குப் பதினைந்து வயது நிறைந்தால் பாலிகு என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஹனபி மத்ஹபிலும் இதன்படியே பத்வாக் கொடுக்கப்படுகிறது. உஹதுப் போருக்குப் பதினான்கு வயதில் அனுமதி பெறாத இப்னு உமர் (ரலி) அவர்கள், பதினைந்து வயதில் கந்தக் போருக்கு அனுமதி பெற்றதே இதற்கு ஆதாரம்.

இந்த வயதுகள் எல்லாம் சந்திர ஆண்டுக் கணக்கு. ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். ஆங்கில ஆண்டைவிட அது சுமார் 11 நாட்கள் குறைவு. இதன்படி ஏழு ஹிஜ்ரி வயது, ஆங்கிலக் கணக்கில் 6 ஆண்டு 9½ மாதத்திலேயே நிறைந்துவிடும். பத்து வயது 9 ஆண்டு 8½ மாதத்திலும், பதினைந்து வயது 14 ஆண்டு 6½ மாதத்திலும் நிறைந்துவிடும். உதாரணமாக, ஹிஜ்ரி 1445 முஹர்ரம் பிறை 1, அதாவது நம் நாட்டில் 2023 ஜூலை 20-இல் பிறந்த குழந்தைக்கு ஆங்கிலப்படி ஏழு வயது 2030 ஜூலை 20-இல் முடியும். ஹிஜ்ரிப்படியோ 2030 மே முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். ஆங்கிலத் தேதியை மட்டும் நம்பியிருக்கும் தந்தை, தொழச் சொல்ல வேண்டிய கடமையில் இரண்டரை மாதம் பிந்திவிடுகிறார். பதினைந்தாம் வயதின் கணக்கில் பிந்தினாலோ, பர்ளான தொழுகையும் நோன்புமே தவறிப்போகக்கூடும்.

நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் இராமானுஜர் பிறந்த ஊர். சித்திரை மாதத் திருவாதிரையில் அவருடைய பிறந்த நட்சத்திரத்தை ஆண்டுதோறும் தவறாமல் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் தம் கணக்கை மறக்கவில்லை. கம்பெனியும் பள்ளிக்கூடமும் ஆங்கிலத் தேதியை மறக்கவிடுவதில்லை. நம் பிள்ளை பிறந்தது எந்தப் பிறை என்பதை மறந்தவர்கள் நாம்தாம்!

ஆங்கிலத் தேதியையும் அலட்சியம் செய்யக் கூடாது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் முதலியவற்றுக்குப் பிறந்த தேதியின் ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழே கொள்ளப்படுகிறது. ஊர்விட்டு ஊர் மாறி வாழும் குடும்பங்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

குழந்தைகளிடம் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு இருந்தார்கள்? பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டபோது, தமக்குப் பத்து மக்கள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார் அக்ரஃ இப்னு ஹாபிஸ். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். பருவத்தின் முதற் கனி கொண்டுவரப்பட்டால் நாயகம் (ஸல்) அவர்கள் பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, அங்கே இருப்பவர்களில் மிகச் சிறிய குழந்தைக்கு அதனைக் கொடுப்பார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுதிருக்கிறார்கள். இவற்றில் எதற்கும் ஆண்டில் ஒரு நாளைக் குறித்து வைக்கவில்லை.

காலை, மதியம், இரவு என்று ஷிப்டு மாறி மாறி வரும் இப்பகுதியில், விழித்திருக்கும் தந்தையைக் குழந்தை பார்ப்பதே அரிதாகிவிட்டது. அவர் வரும்போது அது உறங்கும். அது எழும்போது அவர் உறங்குவார். ஆண்டு முழுவதும் கொடுக்க முடியாத நேரத்தை ஒரே நாளின் ஆடம்பரத்தால் ஈடு செய்யப் பார்க்கிறோம். குழந்தை கேட்பது மண்டபத்தையன்று, மடியை!

ஆகவே, குழந்தைக்கு வயது நிறையும் நாளில் பெற்றோர் இரண்டு ரகஅத் நபில் தொழுது, இந்த ஓராண்டும் காத்தருளிய அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தட்டும். குழந்தையின் தலையில் கை வைத்துப் பெரியவர்கள் துஆச் செய்யட்டும். இயன்ற ஸதகாவைக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்யட்டும். சென்ற ஆண்டில் என்ன கற்றுக் கொடுத்தோம், வரும் ஆண்டில் எந்த ஸூரா, எந்த துஆ, எந்த நல்ல பழக்கம் என்று கணவனும் மனைவியும் அமர்ந்து பேசட்டும். இவற்றையும் அந்த நாளுக்குரிய ஸுன்னத்து என்று எண்ணிவிட வேண்டாம். நன்றி செலுத்துவதும் தர்மம் செய்வதும் எந்த நாளிலும் நன்மையே.

ஆண்டொன்று போனால் வயதொன்று கூடியது என்கிறோம். உண்மையில் ஆயுளில் ஓராண்டு குறைந்திருக்கிறது. மனிதன் நாட்களின் தொகுப்பே என்றும், ஒரு நாள் கழிந்தால் அவனில் ஒரு பகுதி கழிந்துவிட்டது என்றும் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் உபதேசித்தது இதனைத்தான்.

சில மஸ்அலாக்கள்

கேள்வி: பள்ளிக்கூடத்தில் பிறந்த நாளன்று வகுப்புக்கு மிட்டாய் கொடுக்கும்படி பிள்ளை அழுகிறது. கொடுக்கலாமா?

பதில்: உடன் படிக்கும் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பது ஈகை. எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நாளில் வேண்டாம் என்று கருதுவோர் வேறொரு நாளில் கொடுத்தனுப்பலாம். ஆனால் “தருகிறேன்” என்று குழந்தைக்கு வாக்களித்துவிட்டு ஏமாற்றக் கூடாது. அது பொய்யாக எழுதப்படும் என்று ஹதீதில் எச்சரிக்கை உண்டு.

கேள்வி: அண்டை வீட்டு முஸ்லிமல்லாத சகோதரர் தம் பிள்ளையின் பிறந்த நாள் இனிப்பைக் கொடுத்தால் வாங்கலாமா?

பதில்: ஹலாலான பண்டமாகவும், பூஜையில் படைக்கப்படாததாகவும் இருந்தால் வாங்கி உண்ணலாம். அண்டை வீட்டாரின் அன்பை முகம் சுளித்துத் திருப்பி அனுப்புவது நமக்கு அழகன்று.

கேள்வி: ஏழாம் நாள் அகீகா கொடுக்கத் தவறிவிட்டால்?

பதில்: பதினான்காம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஷாபிஈ மத்ஹபில் குழந்தை பருவமடையும் வரை பெற்றோர் கொடுக்கலாம்.

அந்தச் சகோதரர் வட்டிக் கடனை வாங்கவில்லை. மண்டபத்தையும் விட்டுவிட்டார். பிள்ளைக்கு முதல் வயது நிறைந்த வாரத்தில், கையிலிருந்த பணத்தில் ஓர் ஆடு வாங்கித் தம் பெண் குழந்தைக்கு அகீகாவை நிறைவேற்றினார். சமைத்த கறியில் ஒரு பங்கு, பக்கத்து அறைகளில் தங்கி ஆலைகளில் வேலை செய்யும் பீகார், அஸ்ஸாம் இளைஞர்களுக்குப் போயிற்று. ஆம்பூரிலிருந்து நானி வந்தார். திருநெல்வேலியிலிருந்து வாப்பும்மாவும் வந்தார். நானி தாம் கொண்டுவந்திருந்த நூலில் ஒரு முடிச்சுப் போட விரும்பினார். வாப்பும்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூலில் எந்தப் பரக்கத்தும் இல்லை, அது வெறும் கணக்கு என்று எடுத்துச் சொல்லி, அந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிவிடலாமே என்றேன். நானி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நூலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். குழந்தை பிறந்த பிறையும் மாதமும் ஹிஜ்ரி ஆண்டும், அதன் கீழே ஏழு வயது நிறையும் நாளும் எழுதப்பட்டு, பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டன. சவூதியிலிருந்து தம்பி அன்றிரவு போனில் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்புடையீர்! நம் வீட்டுக் குழந்தைகள் எந்த நாளில் பிறந்தார்கள் என்று நாளை மறுமையில் நம்மிடம் கேட்கப்படமாட்டாது. அவர்களை எப்படி வளர்த்தோம் என்றே கேட்கப்படும். நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், தொழுகையை நிலைநாட்டுவோராகவும், உறவைப் பேணுவோராகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.